ஈறு பார்க்கிற வேலை

பத்து மணிப் பேருந்திலிருந்து நாற்பத்திரண்டு வாய் இறங்கியது. ஈறக்கா ஆளை எண்ணுவதில்லை, வாயைத்தான் எண்ணுவாள். முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம், விட்டுத் தொலைக்க முடியவில்லை. இறங்கியதில் பாதி, மூக்கைச் சுளித்துக்கொண்டு "என்ன நாத்தம் இது?" என்று கேட்டது. மீதிப் பாதி அதற்குள் போட்டோவுக்குப் பல்லைக் காட்ட ஆரம்பித்துவிட்டது.

நாற்றம் வேறொன்றுமில்லை. பழைய கந்தகத்தின் மேல் புதுப் பெயிண்ட் அடித்தால் அப்படித்தான் இருக்கும்.

கடலைப் பார்த்து நிற்கும் மலையை அறுபது வருஷம் குடைந்து ஈயம் எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் கரும்புச் சக்கையைத் துப்புகிற மாதிரி ஊரைத் துப்பிவிட்டுப் போனார்கள். ஆறு வருஷம் நாயும் காற்றும்தான் ஊரை ஆண்டன. அப்புறம் ஒரு விடுதிக் கம்பெனி வந்தது. ஆட்களை மலைக்குள் இறக்கி ஏற்றிய இரும்புக் கூண்டு, செல்ஃபி எடுக்கிற இடமானது. அடிபட்டவர்களைக் கிடத்திய அறை மதுக்கடையானது. கிடத்திய மேஜையிலேயே இப்போது கிளாஸ் வைக்கிறார்கள். உள்ளே போகிறவன் வாசல் பலகையில் மாட்டிவிட்டு, திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்கிற பித்தளை வில்லைகள் விடுதி அறைச் சாவிகளில் தொங்குகின்றன. ஈறக்காவின் அப்பாவுடைய வில்லை இருநூற்றுப் பதினாலு. மாட்டிவிட்டுப் போனவர் எடுக்க வரவில்லை. அந்த எண்ணுள்ள அறையில் கடல் தெரியும் ஜன்னலும் குளியல் தொட்டியும் இருக்கின்றன. புதிதாகக் கல்யாணமானவர்கள் விரும்பிக் கேட்டு வாங்குகிறார்கள்.

இதற்கெல்லாம் ஈறக்கா அழுததில்லை. அருவருப்புதான் பட்டாள். அழுகையைவிட அருவருப்பு வசதி. வேலை செய்துகொண்டே படலாம்.

அப்பா போன பிறகு பத்தொன்பது வயதில் அவளுக்குக் குளியல்கூடத்தில் வேலை கொடுத்தார்கள். குளியல்கூடம் என்பது நீளமான கொட்டகை. மலைப்பக்கம் ஒரு வாசல், ஊர்ப்பக்கம் ஒரு வாசல், நடுவில் இருபது குழாய். மலைப்பக்கத்தில் நுழைகிறவன் வேலை உடுப்பைக் கழற்றிக் கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்து உத்தரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். தலையோடு குளித்து, நகக்கண்ணைத் தேய்த்து, ஊர்ப்பக்கம் வந்து வீட்டு உடுப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஈயத்தூள் ஒரு பொட்டுகூட வீட்டுக்குப் போகக் கூடாது. சோப்பும் பிரஷும் கொடுப்பதும், டிமிக்கி கொடுக்கிறவனைத் திரும்பக் குழாயடிக்கு விரட்டுவதும் அவள் வேலை.

மாதத்தின் முதல் திங்கள்கிழமை இன்னொரு வேலையும் உண்டு. ஈறு பார்ப்பது. கம்பெனி டாக்டர் மூன்று மாதம் கூட நின்று கற்றுக்கொடுத்தார். நாலாவது மாதத்திலிருந்து கையெழுத்து மட்டும் போட்டார். பல்லும் ஈறும் சேருகிற விளிம்பில் பேனாவால் கீறியது போல ஒரு நீலக் கோடு தெரிந்தால், உடம்பில் ஈயம் ஏறிவிட்டது என்று அர்த்தம். தோளில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். குறி விழுந்தவனுக்கு மூன்று மாதம் மலைக்கு வெளியேதான் வேலை, குறைந்த கூலிக்கு. அதனால் ஊரில் அவளைப் பிடிக்காதவர்கள் ஏராளம். பெற்றவர்கள் வைத்த பேர் மறந்து 'ஈறக்கா' நிலைத்ததும் அப்படித்தான்.

"எனக்குப் பொண்ணு கொடுத்தவங்ககூட இப்படிப் பல்லைப் புடிச்சுப் பார்க்கலையே அக்கா!"

"பார்த்திருந்தா கொடுத்திருக்க மாட்டாங்க. கொப்பளிச்சுட்டு மறுபடி திற."

கொப்பளிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடு விழுந்தவர்கள் கரியை மென்று ஈறு முழுவதையும் கறுப்பாக்கிக்கொண்டு வருவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் கல் உப்பைப் போட்டு ஈறு கிழியத் தேய்த்துக்கொண்டு வருவார்கள். ரத்தச் சிவப்பில் நீலம் அமுங்கிப்போகும். அவள் கொப்பளிக்க வைத்து, பெஞ்சில் உட்காரவைத்து, ரத்தம் நிற்கிறவரை காத்திருப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வந்தவனுக்கு முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதுதான் வழி.

அந்த ஊரில் ஒரு விசித்திரமான கட்டுப்பாடு இருந்தது. ஈறைக் குளியல்கூடத்தில் மட்டும்தான் பார்க்கலாம். வீட்டில் பார்க்கக் கூடாது. பெண்டாட்டிகூடப் புருஷன் வாயை உற்றுப் பார்க்க மாட்டாள். பார்த்தால் கோடு வந்துவிடும் என்று நம்பினார்கள். நோயை ஈயம் கொண்டுவருவதாக யாரும் நினைக்கவில்லை, ஈறக்காவின் டார்ச் கொண்டுவருவதாகத்தான் நினைத்தார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்கிற கதைதான். அவளுக்குக் கல்யாணம் ஆகாததற்கும் ஊர் அதையே காரணமாகச் சொன்னது. "முத்தம் கொடுக்கப் போனாலும் டார்ச்சை எடுப்பாளே, எவன் கட்டுவான்?" கேட்டு அவளே சிரித்திருக்கிறாள்.

அவளைவிடப் பதினாலு வயது இளைய தம்பி ஒருவன். சுரங்கம் மூடுவதற்கு முந்திய ஆறு வருஷம் மலைக்குள் வேலை பார்த்தவன். இப்போது விடுதியில் கைடு. அவனும் அவன் பெண்டாட்டியும் ஈறக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தம்பி பெண்டாட்டியை வீட்டில் சின்னவள் என்பார்கள்.

பழைய ஆபீஸ் அறையில் கிடைத்த ஒரு போட்டோவில் ஈறக்கா டார்ச்சோடு நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் விடுதி மேனேஜர் அவளைத் தேடி வந்தார். வெள்ளைக் கோட்டு ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். பழைய குளியல்கூடத்தில் விருந்தினர்கள் வரிசையில் வந்து வாயைத் திறப்பார்கள். அவள் டார்ச் அடித்துப் பார்த்து, தோளில் சாக்பீஸ் குறி போடுவாள். எல்லோருக்கும் குறி, குறி இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். குறியோடு சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிடத்துக்குச் சேற்றுக் குளியலுக்குப் போவார்கள்.

அந்தச் சேறுதான் விஷயம். வாசலில் 'வெள்ளிச் சேறு' என்று பலகை. சாம்பல் நிறத்தில் வெண்ணெய் மாதிரி வழவழப்பாக, வெயிலில் மினுக்கும். கல்லை அரைத்து ஈயத்தைக் கழுவிய தண்ணீரை ஒரு குளத்தில் விட்டிருந்தார்கள். அந்தக் குளத்தின் அடியில் தங்கிய கசடைத்தான் பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளிவந்து முகத்தில் பூசினார்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் அந்தக் குளத்தில் மாடு இறங்கினாலே ஓடிப்போய் விரட்டுவார்கள்.

ஆரம்பத்தில் ஈறக்கா மேனேஜரிடம் கேட்கத்தான் செய்தாள்.

"சார், அது ஈயக் கசடு. மனுஷங்க மேல பூசலாமா?"

"சோதனை பண்ணின சான்றிதழ் இருக்கும்மா."

"இந்தக் குளத்துச் சேத்துக்கா?"

"சேறுன்னா சேறுதானேம்மா" என்று அவர் சிரித்தார். பல் வரிசையாக, வெள்ளையாக இருந்தது.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. வந்தவர்கள் அரைமணி நேரம் பூசிக்கொண்டு கழுவிவிட்டுப் போகிறார்கள், தொலையட்டும் என்று விட்டாள். நாள் முழுக்க அதில் கையை விட்டுக் குழைக்கிற ஏழு பெண்களிடம் மட்டும், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள் என்று சொன்னாள். தலையாட்டினார்கள். அவர்களுக்குக் குழாயும் கிடையாது, மாற்று உடுப்பும் கிடையாது. அதே உடுப்போடு, மடியில் சேறு காய்ந்து உதிர, வீட்டுக்குப் போனார்கள். ஈறக்கா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோமாளி வேலையும் பார்த்தாள். இதில் அவள் பங்கும் உண்டு. மறைத்து எழுத ஒன்றுமில்லை.

ஏழு பெண்களில் சின்னவளும் ஒருத்தி. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவளுக்கு இப்போது நாலாவது மாதம்.

கர்ப்பம் எல்லாப் பழியையும் சுமந்தது. அடிவயிறு முறுக்குகிறதா, கர்ப்பம். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லையா, கர்ப்பம். வாயில் இரும்பை நக்கிய மாதிரி இருக்கிறதா, அதுவும் கர்ப்பம். முகம் மாவு மாதிரி வெளுத்தது. சிரிக்கும்போது வாயைக் கையால் மூட ஆரம்பித்தாள்.

"உப்பு டப்பா ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாகுது?" என்று ஒருநாள் ஈறக்கா கேட்டாள்.

"வாய் கசக்குது அண்ணி. கொப்பளிக்கிறேன்."

தம்பி பாய்ந்து வந்தான். "உப்பைக்கூட அளந்து பார்ப்பியா அக்கா? நாத்தனார் இருக்கற வீட்டுல நாக்கைக்கூட எண்ணித்தான் வைக்கணும் போல!"

"நாக்கு ஒண்ணுதான், எண்ணத் தேவையில்லை. நான் உப்பைத்தான் கேட்டேன்."

அவளுக்குச் சந்தேகம் வந்தது. வாயைத் திற என்று சொல்லவும் நாக்கு எழுந்தது. ஆனால் வீடு. முப்பது வருஷம் அந்த மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்தவள், அன்றைக்கு அதையே சாக்காக வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள். எட்டு வருஷம் கழித்து வந்த கர்ப்பம், கெட்ட வார்த்தையை நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஊர்க்காரிதானே அவளும்.

இப்போது நாற்பத்திரண்டு வாய்க்கு வருவோம்.

முப்பது வாயைப் பார்த்து முடித்திருந்தாள். பெரிய தொப்பி போட்ட ஒரு பெண்மணி, வரிசையில் நின்று அலுத்துப்போய், "இது எல்லாம் எங்களுக்காகப் பண்றது. நிஜத் தொழிலாளிகளை நிக்கவெச்சுப் பார்த்தா எப்படியிருக்கும்? வீடியோ எடுக்கணும்" என்றாள். மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன மேடம்!" என்று கையைத் தட்டினார். சேற்று அறையிலிருந்து ஏழு பெண்களும் முழங்கை வரை சாம்பல் பூசிய கையோடு வந்து நின்றார்கள்.

தம்பி மைக்கில் உற்சாகமானான். "இப்ப நீங்க பார்க்கப்போறது, அந்தக் காலத்துல நடந்தது அப்படியே!"

முதல் பெண்ணுக்கு ஈறு வெளிறியிருந்தது, கோடு இல்லை. இரண்டாவது பெண்ணுக்குக் கீழ்ப்பல் ஓரத்தில் லேசாக இருந்தது. ஈறக்கா டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். குறி போட்டாள். மூன்றாவதுக்கு இல்லை. நாலாவதுக்கு இருந்தது. குறி. ஐந்தாவதாகச் சின்னவள் நின்றாள். நின்றவள் பின்னால் நழுவப் பார்த்தாள்.

"இவங்க நம்ம வீட்டு ஆளு" என்று தம்பி மைக்கில் சொன்னான். "வீட்டு ஈறைப் பார்க்கக் கூடாதுங்கறது எங்க ஊர்ப் பழக்கம். அதனால இவங்களை விட்டுடலாம்."

கூட்டம் சிரித்தது.

"இது வீடு இல்லை, குளியல்கூடம்" என்றாள் ஈறக்கா. "திற."

திறந்தாள். ஈறு முழுக்கப் பச்சைப் புண். டார்ச் பட்டதும் இரண்டு பல்லுக்கு நடுவிலிருந்து ரத்தம் கசிந்து உதட்டுக்கு வந்தது. இந்தப் புண்ணை ஈறக்கா நூறு வாயில் பார்த்திருக்கிறாள்.

"கொப்பளி."

கொப்பளித்தாள்.

"இன்னொரு தடவை. இப்ப இங்க உட்காரு."

ஈறக்கா எதிரே நின்று காத்திருந்தாள். கூட்டம் முணுமுணுத்தது. யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஈறக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. ரத்தம் நின்றதும் உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தாள். மற்ற இருவருக்கும் பேனாவால் கீறியது மாதிரி இருந்தது. இவளுக்குத் தூரிகையால் இழுத்த மாதிரி.

"உப்பு போட்டுத் தேய்க்க யாருடீ சொல்லிக்கொடுத்தது?"

சின்னவளின் கண் மைக்கின் பக்கம் போனது.

தம்பி கிட்டே வந்து குனிந்து, மைக்கை அணைக்க மறந்து, கிசுகிசுத்தான். கிசுகிசுப்பு நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது. "சீசன் முடியட்டும்னுதான் அக்கா. ரெண்டு மாசம். இப்பப் போய் ஒருத்தி கோட்டோட நின்னா, சேத்து ரூமை மூடிடுவாங்க, என் வேலையும் போயிடும். நீ பார்த்தாத்தானே பிரச்சினை?"

கூட்டம் கைதட்டியது. தொப்பிக்காரப் பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம், "என்னமா நடிக்கறாங்க! ரத்தம்கூட நிஜம் மாதிரியே இருக்கு" என்றாள். பிறகு தோளைக் காட்டிக்கொண்டு முன்னே வந்தாள். "எனக்கும் ஒரு குறி போடுங்க."

எருதின் நோவு காக்கைக்குத் தெரியாது என்பார்கள். அந்தக் காக்கை கொத்தவாவது செய்யும், போட்டோ எடுக்காது. ஈறக்கா அந்தத் தோளைத் தொடவில்லை. சாக்பீஸைக் கீழே போட்டாள். சின்னவளின் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தலையோடு தண்ணீர் ஊற்றி, நகக்கண் ஒவ்வொன்றாகப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். வலிக்கிறது என்றாள் சின்னவள். வலிக்கட்டும் என்றாள் ஈறக்கா. மாற்றிக்கொள்ள உடுப்பு இல்லை. விருந்தினர்களுக்கு வைத்திருந்த வெள்ளை அங்கி ஒன்றை எடுத்து மாட்டிவிட்டாள். குறி விழுந்த இரண்டு பேரையும் கூப்பிட்டாள். ஒருத்தி வந்தாள். இன்னொருத்தி, "வீட்டுல கேக்கணும் அக்கா" என்று சேற்று அறைக்கே திரும்பிப் போனாள்.

"அந்த அங்கி விடுதிச் சொத்தும்மா" என்றார் மேனேஜர்.

"இருக்கட்டும். இவ உடுப்பைக் கொடுத்துட்டுப் போறேன், பதிலுக்கு நீங்க போட்டுக்கங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரப் பயணம். வழியெல்லாம் சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயது. ஈறில் நீலக் கோட்டைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். தன் டார்ச்சைப் போட்டு நெடுநேரம் பார்த்தாள். ரத்தம் எடுத்தார்கள். ஈயம் எவ்வளவு என்று பார்க்கிற வசதி தலைநகரத்தில்தான் இருக்கிறது, புதன்கிழமைதான் தெரியும் என்றாள். ரத்தசோகை மட்டும் அங்கேயே தெரிந்தது. கூட வந்தவளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, சேற்றுப் பக்கம் போகாதே என்று அனுப்பினாள். சின்னவளை வார்டில் சேர்த்துக்கொண்டாள்.

"குழந்தைக்கும் போகுமா?" என்று சின்னவள் கேட்டாள்.

டாக்டரம்மா மழுப்பவில்லை. "போகும். எவ்வளவு போயிருக்குன்னு இப்பச் சொல்ல முடியாது. இனிமே போகாம பார்த்துக்கணும். அந்த வேலை வேண்டாம். அந்த வீடும் வேண்டாம், பாயிலயும் தரையிலயும் அந்தத் தூள்தான் இருக்கும்."

மறுநாள் மத்தியானம் தம்பி வந்தான். கையில் ஒரு பை. அதில் சின்னவளின் துணிமணி, துவைக்காதது. ஈறக்கா பையை வார்டுக்குள் விடவில்லை, வெளியே மரத்தடியில் வைக்கச் சொன்னாள்.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். "மேனேஜர் கோவமா இல்லை" என்று ஆரம்பித்தான். "அந்த வீடியோ ரொம்ப நல்லாப் போகுதாம். எல்லாரும் பார்க்கறாங்களாம். தினமும் அதே மாதிரி பண்ணலாமான்னு கேக்கறாரு. சின்னவளுக்குச் சேறு வேண்டாம், வரவேற்புல உட்கார்ந்துக்கலாம். நாளைக்கு ரெண்டு பஸ் வருது அக்கா. மூணு மணி வண்டியில கிளம்பினா..."

"உப்பு போட்டுத் தினமும் தேய்க்கணுமா?" என்றாள் ஈறக்கா. "ரத்தம் வேணுமில்ல, வீடியோவுக்கு?"

"நீ எல்லாத்தையும் பெருசு பண்றே. நானும் ஆறு வருஷம் உப்பு தேய்ச்சவன்தான். உன் டார்ச்சுக்கு முன்னாடியே வந்து நின்னிருக்கேன். நீ கண்டுபிடிக்கலை. எனக்கு என்ன ஆயிடுச்சு?"

ஈறக்காவுக்கு அடி விழுந்தது போல இருந்தது. தம்பியைக் கொப்பளிக்கச் சொன்னாளா, பெஞ்சில் உட்காரவைத்தாளா என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. வீட்டு ஆள் என்று சீக்கிரம் பார்த்து அனுப்பியிருப்பாள்.

சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு நாளில் முதன்முறையாக வாயை மூடாமல் பேசினாள்.

"என்ன ஆச்சா? உங்க வலது கையால டம்ளரைத் தூக்குங்க பார்ப்போம். மணிக்கட்டு தொங்கிப்போய், மைக்கைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தானே பேசறீங்க? எட்டு வருஷம் குழந்தை இல்லைன்னு என்னைத்தானே ஒவ்வொரு டாக்டர்கிட்டயா இழுத்துக்கிட்டுப் போனீங்க. ஒருத்தராவது உங்களை வாயைத் திறக்கச் சொன்னாங்களா?"

பக்கத்துக் கட்டில்காரி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நன்றாகவே திரும்பிப் படுத்துக் காதைக் கொடுத்தாள்.

தம்பி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "இங்க வெச்சுப் பேசற பேச்சா இது? கிளம்பு, வீட்டுல பேசிக்கலாம்."

"அண்ணி, அவரைப் போகச் சொல்லுங்க."

"உனக்கு வாய் இருக்கு, நீயே சொல்லு."

சின்னவள் அவனைப் பார்த்துச் சொன்னாள். "போங்க. நான் வரலை. இது பொறக்கறவரைக்கும் வரலை. அப்புறமும் அந்த ஊருக்கு வரலை."

அவன் வாசல் பக்கம் திரும்பினான். நீயும் இங்கே ஒருதடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போ என்று ஈறக்கா சொன்னாள். அதற்குள் மூன்று மணி வண்டி ஹாரன் அடித்தது. நாளைக்கு ஆள் வருவார்களே, சீசன் முடிந்ததும் வந்து கொடுக்கிறேன் என்றான். மரத்தடியில் வைத்த பையை எடுத்து இடது தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான். ஏறும்போது கண்டக்டர் கை கொடுத்து இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஈறக்கா அறை தேடப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு தையல்காரி வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. தரையைப் பார்த்தாள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள், குழாயைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படும் வீடு ஏதாவது இருக்கிறதா என்றும் விசாரித்துவிட்டு வந்தாள். வெள்ளைக் கோட்டு இல்லாமல் செய்கிற வேலையாக இருந்தால் போதும்.

திரும்பி வந்தபோது சின்னவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"எனக்குச் சரியாயிடுமா அண்ணி? குழந்தைக்கு?"

"தெரியாது. எனக்கு ஈறுதான் பார்க்கத் தெரியும். ரத்தம் பார்க்கறவங்க புதன்கிழமை சொல்லுவாங்க. இந்தப் பாலைக் குடி. இரும்பு மாத்திரையை இதோட போடாதே, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போடு."

சின்னவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பாதியிலேயே எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள், போர்வையெல்லாம். ஈறக்கா போர்வையை உருவி, வாயைத் துடைத்துவிட்டு, இன்னொரு டம்ளர் பால் வாங்கப் போனாள்.